முப்பத்துமூன்று ஓம்

போன மாதம் அஞ்சு என்னைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். நான் ஓய்வு பெற்றபோது கல்லூரியின் தொழில் ஆலோசனைப் பிரிவில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "ஐயோ", "அங்கிள்" இரண்டையும் தாராளமாகப் போட்டு, நடுவில் ஆங்கிலத்தை நிரப்பிப் பேசுவாள்.

"ஐயோ அங்கிள், திரும்ப ஒரு நியூ சிஸ்டமாம். ஹோல் டே ட்ரெயினிங். அந்த நேரத்தில நான் எய்ட் ஸ்டூடன்ஸைப் பாப்பன். போகத்தான் வேணுமா?"

"கட்டாயம் போ," என்றேன். "முன் வரிசையில இரு. ஆர் முதல்ல வாறது எண்டு கேட்டால் கையைத் தூக்கு."

"வை, அங்கிள்?"

"எல்லாருக்கும் முன்னால ஒருக்கா வெட்கப்பட்டால்தான் இந்த வேலை பிடிபடும். எனக்கு அப்பிடித்தான் பிடிபட்டது."

சொல்லுங்கள் என்றாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன். அஞ்சுவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவளுடைய அம்மா வாசித்துச் சொல்லட்டும்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஆள். பிறகு கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை கிடைத்தது. நூலகத்தின் ஒரு மூலையில் தொழில் ஆலோசனைப் பிரிவு இருந்தது. அங்கே துண்டுப் பிரசுரங்களை அடுக்க ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டார்கள். அடுக்கப் போனவன் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். நடுவில் மாலை வகுப்புக்குப் போய் ஒரு டிப்ளோமாவும் எடுத்தேன். வீடு கிங்ஸ்பரியில், வேலை நகரத்தின் மறுமுனையில். ஜூபிலி லைனில் ஏறி உட்கார்ந்தால் ஸ்ட்ராட்போர்ட் வரை இறங்க வேண்டியதில்லை. டிப்ளோமாவுக்கு வேண்டியதை முழுக்க அந்த ரயிலில்தான் படித்தேன்.

புதுக் கருவிகள் அப்போதிருந்தே எங்களை விடவில்லை. முதலில் ஒரு குறுந்தட்டு வந்தது. கணினியில் போட்டு நூறு கேள்விக்குப் பதில் சொன்னால், உங்களுக்கு ஏற்ற தொழிலை அது சொல்லிவிடும். ஊழியர்கள் தங்களையே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு மீன் பண்ணை என்று வந்தது. வீட்டில் போய்ச் சொன்னேன். "ஒரு மீனைத் துப்பரவாக்கத் தெரியாத மனிசனுக்குப் பண்ணையோ?" என்று என் மனைவி அன்று முழுக்கச் சிரித்தாள்.

அடுத்தது இணையம், அதற்கடுத்தது சி.வி.யைப் படித்து மதிப்பெண் போடும் மென்பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி நாள், ஒரு சான்றிதழ், மத்தியானம் உலர்ந்த சாண்ட்விச். சான்றிதழ்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு அந்தக் கோப்பின் தடிப்போடு சேர்ந்து வளர்ந்தது. இதை இப்போது சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

எங்கள் பிரிவின் தலைவி பெவர்லி. ஜமெய்க்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். நெடிய உருவம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கையில் பச்சைப் பேனை. யாராவது ஆலோசனைக்கு வந்தால் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரமாட்டார். தன் நாற்காலியை இழுத்து வந்து அவர்களுக்குப் பக்கத்தில் போடுவார். பிறகு கணினித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். முதல் பத்து நிமிடம் திரை அப்படியே இருக்கும். "என்னவாக வர விரும்புகிறீர்கள்?" என்று அவர் கேட்டதே இல்லை. "போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள்?" என்றுதான் தொடங்குவார். தங்களிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்று நினைத்து வந்தவர்கள், செவ்வாய்க்கிழமையைச் சொல்லத் தொடங்கினால் அரை மணி நேரம் நிறுத்தமாட்டார்கள்.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் "லவ்லி". அதற்கு மூன்று பொருள் உண்டு. தலை ஆடினால் நன்றாக இருக்கிறது. தலை ஆடாவிட்டால் திரும்பச் செய். கண்ணாடியைக் கழற்றிவிட்டு "லவ்லி" என்றால், கதவைச் சாத்திவிட்டு உட்கார் என்று அர்த்தம். இந்த மூன்றையும் பிரித்தறிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒரு சிறு சொல் தொனியால் பொருள் மாறும் என்பதை அத்தனை வருடம் பக்கத்திலிருந்து பார்த்தும் எனக்கு அது உதவவில்லை என்பதுதான் இந்தக் கதை.

என் கடைசி வருடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மென்பொருள் ஒன்று வந்தது. பழைய காகிதக் களஞ்சிய அறையைக் காலிசெய்து, ஒரு மேசை, ஒரு கமெரா, ஒரு ஹெட்போன் வைத்தோம். திரையில் ஒரு பெண் தோன்றி ஆறு கேள்விகள் கேட்பாள். பதில் சொல்லி முடித்ததும் அறிக்கை வந்துவிடும்: பேசிய வேகம், பார்வை, சிரிப்பு, "அம்", "எர்" என்று இழுக்கிற தயக்கச் சத்தங்கள் எத்தனை என்று எல்லாம் இருக்கும். அடியில் நூற்றுக்கு ஒரு புள்ளி. அறுபதுக்குக் கீழே எடுத்தவர்களை நிறுவனங்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தோம். அதை முன்மொழிந்து, தட்டச்சுச் செய்து, களஞ்சியக் கதவில் ஒட்டியவன் நான்.

அப்போதுதான் யெசிந்தா வந்தார்.

மன்னார்க்காரர், நாற்பத்தாறு வயது, அப்டன் பார்க்கில் வீடு. ஊரில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிக்குமுன் இடம்பெயர வேண்டி வந்தது. இங்கே வந்து எட்டு வருடமாக ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. விடியக்காலை ஷிப்டில் அவர் துடைத்தது ஆய்வுகூடத்து வாசல்வரை உள்ள நிலத்தை. அதை முடித்துவிட்டு எங்கள் கல்லூரியில் விஞ்ஞான வகுப்புக்கு வருவார். வகுப்பில் முதலாம் ஆள். அதே மருத்துவமனை, அதே ஆய்வுகூடத்துக்கு, பயிற்சி உதவியாளராக ஒருவரை எடுக்கப்போவதாக அறிவித்தது. வருடத்துக்கு ஒரே ஓர் இடம். எங்கள் பரிந்துரை இருந்தால் நேர்முகத்துக்கு நிச்சயம் கூப்பிடுவார்கள்.

"எட்டு வருசமா வாசல்வரைக்கும் துடைக்கிறன் சேர்," என்றார் யெசிந்தா. "ஒருக்கா உள்ளுக்குப் போய் அந்தக் கதிரையில இருக்க வேணும். அவ்வளவுதான்."

அவரைக் களஞ்சியத்துக்குள் அனுப்பினேன். அறிக்கை வந்தது. மொத்தப் புள்ளி நாற்பத்தொன்று. பார்வை நன்று, வேகம் நன்று. தயக்கச் சத்தங்கள்: முப்பத்தெட்டு. அந்த வரி மட்டும் சிவப்பாக இருந்தது.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வியாதி என்னவென்று தெரிந்துவிட்டதே, மருந்து கொடுக்க வேண்டியதுதானே! வாரம் இரண்டு நாள் அவரை உட்கார்த்தி, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். அவர் "அம்" என்ற போதெல்லாம் பென்சிலால் மேசையில் தட்டினேன். முதல் நாள் பென்சில் முனை உடைந்தது. யெசிந்தா ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தார். மூன்றாம் வாரத்தில் தட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கேள்வி கேட்டால் உதட்டை இறுக்கி மூடுவார். சற்று நேரம் கழித்து ஒரு வாக்கியம் வரும். திரும்ப மூடுவார்.

களஞ்சியத்துக்குத் திரும்ப அனுப்பினேன். தயக்கச் சத்தங்கள் மூன்று. பெருமையோடு பக்கத்தைக் கீழே தள்ளினேன். மொத்தப் புள்ளி முப்பத்தாறு. முன்பிருந்ததைவிடக் குறைவு. உற்சாகம் இல்லை, பதில்கள் மிகச் சுருக்கம் என்று எழுதியிருந்தது.

"சேர், எனக்கு வாயைத் திறக்கவே பயமாக் கிடக்கு," என்றார் யெசிந்தா.

"பழகினால் சரிவரும்," என்றேன். விண்ணப்பம் போக வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. சரிவரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் தவறு என் பக்கம் இருக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை ஊழியர் பயிற்சி நாள். மென்பொருள் நிறுவனத்திலிருந்து கலம் என்ற இளைஞன் வந்திருந்தான். நல்ல பையன், சப்பாத்து மட்டும் மிகக் கூரானது. நாங்கள் ஒன்பது பேர், பெவர்லியோடு பத்து. யார் முதலில் வருகிறீர்கள் என்று கேட்டான். என் கை தானாக உயர்ந்தது. ஆங்கிலத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். கூட்டங்களில் குறிப்பெடுப்பதும் கடிதங்களைத் திருத்துவதும் நான்தானே.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஆறு கேள்விக்கும் அழகாகப் பதில் சொன்னேன். மாணவர் ஒருவரின் சிக்கலைத் தீர்த்த கதையை நடுவில் ஒரு நகைச்சுவையும் வைத்துச் சொன்னேன். கலம் ஒரு பொத்தானை அழுத்தினான். பெரிய திரையில் என் அறிக்கை வந்தது.

தயக்கச் சத்தங்கள்: இருபத்தொன்பது. சிவப்பு.

முதலில் சிரித்தவர் வரவேற்பு மேசையில் இருக்கும் போலந்துக்காரப் பெண். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது. கருவி பழுது என்றேன். பெவர்லி கண்ணாடியைக் கழற்றினார்.

"லவ்லி," என்றார். "சிவா, நீ தயங்கிப் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கலம், அறிக்கையை மூடு. ஒலியை மட்டும் போடு."

கலம் போட்டான். திரைப்பெண் கேட்கிறாள்: குழுவாக வேலை செய்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அதற்கு என் குரல், நிதானமாக, தெளிவாக, ஒரு இம்மியும் தயங்காமல் சொல்கிறது:

"ஓம்."

அதற்குப் பிறகுதான் ஆங்கிலம் தொடங்குகிறது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. அவள் கேள்வியை முடிக்குமுன்பே நடுவில் ஒரு ஓம், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தெரிவிக்க. என் கதையை நானே ஒத்துக்கொள்ள ஒரு ஓம். லண்டனில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், மாலை வகுப்பில் டிப்ளோமா எடுத்தவன், ஆங்கிலக் கணினியோடு ஆங்கிலத்தில் பேசும்போது, "ஆமாம்" என்பதை மட்டும் யாழ்ப்பாணத்தில் சொல்லியிருக்கிறேன். கருவி அத்தனையையும் "அம்" என்று எண்ணியிருக்கிறது.

"அது என்ன சொல்?" என்று கேட்டார் பெவர்லி.

விளக்கினேன். எங்கள் ஊர்த் தமிழில் அது "யெஸ்". இழுத்தால் "எனக்கு நம்பிக்கையில்லை". இரண்டு தரம் சேர்த்தால் "தெரியும், தெரியும், மேலே சொல்". கலம் வாயைப் பிளந்துகொண்டு குறித்துக்கொண்டான். நான் பாதியில் நிறுத்தினேன். பென்சிலால் மேசையில் தட்டியது நினைவுக்கு வந்தது.

இடைவேளைக்குக்கூட நிற்காமல் களஞ்சியத்துக்குப் போனேன். யெசிந்தாவின் முதல் பதிவு அங்கேதான் இருந்தது. மூன்று வாரமாக அவருடைய அறிக்கையைப் பத்துத் தடவை பார்த்திருப்பேன், ஒலியை ஒரு தடவையும் கேட்கவில்லை. ஹெட்போனைப் போட்டு, ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டே கேட்டேன். முப்பத்தெட்டில் ஐந்துதான் "அம்". மிச்சம் முப்பத்துமூன்றும் ஓம். கடினமாக உழைக்கத் தயாரா? ஓம். புதிதாகக் கற்றுக்கொள்ள விருப்பமா? ஓம். ஒவ்வொரு பதிலையும் சம்மதத்தோடு தொடங்கியிருந்தார் அந்த மனுசி. நான் அந்தச் சம்மதத்தைத் தட்டித் தட்டி அவர் வாய்க்குள்ளேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் தட்டியபோதுகூட என் காதில் "அம்" என்றுதான் விழுந்தது. நான் ஒரு தமிழன், அதுவும் வீட்டில் நாள் முழுக்க ஓம் சொல்கிறவன்.

வியாழக்கிழமை அவரைக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். யெசிந்தா கேட்டது வேறு.

"அப்ப சேர், மூண்டு கிழமையா நான் விழுங்கினது முழுக்க ஓமோ?"

"ஓம்," என்றேன்.

"யேசுவே! அதுதான் வயிறு ஊதிக் கிடந்தது." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் அதேதான் நடந்தது.

ஆனால் சிரிப்பால் புள்ளி கூடாது. கருவியில் புதுச் சொல்லைச் சேர்ப்பதென்றால் நிறுவனம்தான் செய்ய வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று கலம் முதல்நாளே சொல்லியிருந்தான். நான் பெவர்லியின் அறைக்குப் போனேன். அறுபது புள்ளி விதியைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த விதியை யார் கொண்டுவந்தது?" என்று கேட்டார். அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான்."

எழுந்து என்னோடு களஞ்சியத்துக்கு வந்தார். ஹெட்போனை வாங்கிப் போட்டு, யெசிந்தாவின் முதல் பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதுமாகக் கேட்டார். பன்னிரண்டு நிமிடம். பிறகு எழுந்து, களஞ்சியக் கதவுக்குப் போய், நான் ஒட்டிய தாளில் பச்சைப் பேனையால் ஒரு கோடு கிழித்தார். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். "லவ்லி," என்றார். தலை ஆடியது.

மிஞ்சியிருந்தது என் பங்கு. மூன்று வாரம் வாயை மூடப் பழக்கிய ஆளைத் திறக்க வைக்க வேண்டும். நேர்முகத்தில் இருக்கப்போகிறவர்கள் மூன்று மனிதர்கள், கருவி இல்லை. ஆனால் யெசிந்தாவின் உதடு பழக்கத்தில் இறுகியே இருந்தது. திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். பென்சிலை மேசை லாச்சிக்குள் போட்டேன்.

"போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தனீங்கள்?"

"வேலைக்குப் போனன். வேற என்ன?"

"போய்?"

"நிலம் துடைச்சுக்கொண்டு நிண்டன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளுக்கு ஃபிரிட்ஜில சிவப்பு லைட் விட்டு விட்டு எரிஞ்சுது. ஆக்கள் ஏழு மணிக்குத்தான் வருவினம். அதுக்குள்ள ரத்த சாம்பிள் எல்லாம் சூடாகிப் பழுதாப் போயிடுமே. கதவில ஒரு நம்பர் ஒட்டிக் கிடந்தது. நான் ஃபோன் எடுத்துச் சொன்னன். ஒராள் ஓடி வந்து எல்லாத்தையும் வேற ஃபிரிட்ஜுக்கு மாத்தினவர்."

"இதை ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே, சேர்."

இதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். தொடங்கினார், உதடு இறுகியது, என்னைப் பார்த்தார். நான் லாச்சியைத் திறந்து பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இனி நான் பிழையாக் கதைச்சால் நீங்கள் தட்டுங்கோ," என்றேன். அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. எத்தனை ஓம் வந்ததோ, நான் எண்ணவில்லை.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் மனைவிக்குச் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதாக எனக்கு நினைப்பு. அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, காஸ் கொம்பனிக்காரனோட இங்கிலீஷில கதைக்கேக்கையும் நீங்கள் ஓம் எண்டுதானே சொல்லுறியள். நான் எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு இப்பத்தான் தெரியுமோ?"

கலம் சொன்ன வாரங்கள் மாதங்களாகி, கடைசியில் நிறுவனம் அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்த்தது. பொருள் என்னவென்று நிரப்பக் கட்டம் ஒன்றை எனக்கு அனுப்பினார்கள். நான்கு எழுத்துக்குமேல் இடமில்லாத கட்டம். மூன்று எழுத்தில் "யெஸ்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். என் தடித்த கோப்பில் இருக்கும் சான்றிதழ்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தக் கட்டம் பெரிது.

நேர்முகம் ஒரு திங்கட்கிழமை நடந்தது. முடிவைப் பின்னேரம் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். நாலு மணி, அஞ்சு மணி, தொலைபேசி வரவில்லை. மனமில்லாமல் ரயில் ஏறினேன். சுரங்கத்துக்குள் தொலைபேசி வேலை செய்யாது. ஒவ்வொரு நிலையமும் வழமையைவிடத் தூரமாக இருந்தது. ஃபிஞ்ச்லி ரோடில் ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும் சட்டைப்பைக்குள் அதிர்ந்தது.

"சேர், நான் யெசிந்தா."

"சொல்லுங்கோ. கிடைச்சதோ?"

மறுமுனையில் சத்தமில்லை. அந்த இறுக்கி மூடிய உதடு எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது.

"பென்சில் கையில கிடக்கோ, சேர்?"

"இல்லை. ஏன்?"

"அப்ப விரலால எண்ணுங்கோ," என்றார் யெசிந்தா. "ஓம். ஓம், ஓம், ஓம், ஓம்…"

அவர் நிறுத்தவில்லை. எதிரில் இருந்த வெள்ளைக்காரர் பத்திரிகைக்கு மேலால் என்னைப் பார்த்தார். கில்பர்ன் வரைக்கும் எண்ணினேன். அதற்குப் பிறகு என்னால் எண்ண ஏலவில்லை.